ஆறு வருடத்தில் சோலார் பேனல் ஆயுள் முடிந்துவிடாது

பேனலை மாற்றாதீர்கள். 3 கிலோவாட் அமைப்பு நாளுக்கு 12 யூனிட் தந்தது, ஆறு வருடத்தில் 8 ஆகிவிட்டது, ஆயுள் முடிந்தது என்று பொருத்தியவர் சொல்கிறார் என்கிறீர்கள். சிலிக்கான் பேனல் வருடத்துக்கு அரை முதல் ஒரு சதவீதம் வரைதான் திறன் இழக்கும். 25 வருடம் கழித்தும் 80 சதவீதம் தரும் என்றே பெரும்பாலும் உத்தரவாதம் எழுதிக் கொடுக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு சரிவது முதுமையால் அல்ல.

தூத்துக்குடியில், அதுவும் உப்பளத்துக்குப் பக்கத்தில் வீடு என்றால் என் சந்தேகம் உப்பும் தூசியும் சேர்ந்த படலத்தின் மேல்தான். காக்கை எச்சமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பக்கத்துத் தென்னை இந்த ஆறு வருடத்தில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு பேனலில் விழும் மட்டை நிழல், அதே வரிசையில் உள்ள மற்றவற்றையும் பாதிக்கலாம்.

1. வெயில் ஏறுமுன் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் கறை படியும். சுட்ட கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.

2. மேகமில்லாத மூன்று நாள் இன்வெர்ட்டர் காட்டும் யூனிட்டைக் குறித்து, போன வருடம் இதே மாதக் கணக்கோடு ஒப்பிடுங்கள். ஐப்பசி மழைக்காலத்தைப் பங்குனி வெயிலோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம்.

கழுவியும் ஏறவில்லையா? இன்வெர்ட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது பத்துப் பதினைந்து வருடம்தான் உழைக்கும். கடலோரத்தில் இணைப்பு முனைகள் அரிப்பதும் உண்டு. அவற்றை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். வெளிச்சம் இருக்கும்வரை அந்தக் கம்பிகளில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும்.