கழலாத ஹைட்ராலிக் பில்டர்: ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா வாங்கிய 45 குதிரைத்திறன் டிராக்டர். சம்பா உழவு தொடங்கும் முன், பின்னால் கலப்பையைத் தூக்கி இறக்கும் லிஃப்டை இயக்குகிற ஹைட்ராலிக் எண்ணெயையும் அதை வடிகட்டும் பில்டரையும் மாற்றிவிடலாம் என்று இறங்கியிருக்கிறார், பில்டர் அசையவே இல்லை. செயின் ரெஞ்ச் போட்டு இழுத்ததில் டப்பா நடுவில் நசுங்கியதுதான் மிச்சம். பக்கத்து வயல்காரர் "ஸ்க்ரூ டிரைவரை அடித்து இறக்கித் திருகு" என்கிறார், மச்சான் "கேஸ் வைத்துச் சூடு பண்ணு" என்கிறார். எதைச் செய்யட்டும் என்று கேள்வி.

தம்பி, மச்சான் சொன்னதை இப்போதே விட்டுவிடுங்கள். உள்ளே எண்ணெய், காகிதம், ரப்பர். அதன் பக்கத்தில் தீயைக் கொண்டுபோகவே கூடாது. பக்கத்து வயல்காரர் சொன்னது கடைசி வழி, நீங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

பில்டர் ஏன் கழலவில்லை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எல்லோரும் மரை துருப்பிடித்துவிட்டது என்று நினைத்து, துரு இளக்கும் ஸ்பிரேயை அடி அடி என்று அடிக்கிறார்கள். ஆனால் அந்த மரை வருடக்கணக்காக எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கிறது, அது பிடித்துக்கொள்வது அபூர்வம். பிடித்திருப்பது பில்டர் வாயில் இருக்கும் ரப்பர் வளையம். போன முறை மாட்டியவர் அந்த ரப்பருக்கு ஒரு சொட்டு எண்ணெய் தடவாமல் காய்ந்தபடியே வைத்து, கையால் இறுக்க வேண்டியதை ரெஞ்ச் போட்டு இறுக்கியிருப்பார், அப்புறம் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டதில் ரப்பர் இரும்போடு ஒட்டிக்கொண்டது. அதனால் ஸ்பிரேயை நம்பாதீர்கள். ஒட்டிய ரப்பரைக் கொஞ்சம் இளக்க வேண்டும், திருகும் பலம் அந்த ரப்பருக்குப் போய்ச் சேர வேண்டும்.

இளக்குவதற்கு இன்ஜினை ஓடவிட்டு, லிஃப்டை ஏற்றி இறக்கி எண்ணெயைச் சூடாக்குங்கள். கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், கொதிக்கக் கூடாது, கொதிக்கும் எண்ணெய் முழங்கை வழியாக இறங்கினால் தோல் வெந்துவிடும். பிறகு ரொட்டவேட்டரோ கலப்பையோ மாட்டியிருந்தால் தரையில் இறக்கி, லிஃப்ட் லிவரைக் கீழே தள்ளி, இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தூக்கி நிற்கும் கலப்பைக்குக் கீழே படுத்து பில்டரில் கை வைக்கவே கூடாது, இதை மட்டும் எனக்காகக் கேளுங்கள்.

இன்னொன்று. நிறைய டிராக்டர்களில் கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான், 30, 40 லிட்டர் கூட இருக்கும். பில்டர் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருந்தால் கழற்றியதும் அவ்வளவும் கொட்டும். நீங்கள் எப்படியும் எண்ணெய் மாற்றப் போகிறீர்கள் என்பதால் முதலில் டிரெயின் போல்ட்டைக் கழற்றி முழுவதையும் இறக்கிவிடுங்கள். இறங்கும் எண்ணெய் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சேற்றுழவு ஓட்டும் வண்டியில் இது சாதாரணம், ஆனால் புது எண்ணெய் ஊற்றும் முன் எந்த சீல் வழியாக வந்தது என்று பார்த்தே ஆக வேண்டும்.

சரி, திருகும் விஷயத்துக்கு வருவோம். கீழே படுத்துக்கொண்டு பார்க்கும்போது திசை குழம்பிப்போய், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பில்டர் தொங்கினாலும், படுத்திருந்தாலும், தலைகீழாக நின்றாலும் ஒரே கணக்கு: அதன் மூடிய பக்கத்தை நேராகப் பார்த்து, கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்ப வேண்டும். சாக்பீஸால் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் டப்பா நசுங்கியதற்குக் காரணம் நடுவில் பிடித்தது. அந்த உடம்பு வெறும் மெல்லிய தகடு. வண்டியோடு ஒட்டும் பக்கத்தில், மடிப்பு வளையத்தை ஒட்டி உள்ளே தடித்த தட்டு இருக்கிறது, பிடி அங்கே விழ வேண்டும். எண்ணெய்ப் பசையைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, உப்புத்தாளை சொரசொரப்பு பில்டரில் படும்படி சுற்றி, அதன் மேல் செயினையோ பெல்ட் ரெஞ்சையோ மாட்டுங்கள். ரெஞ்ச் இல்லையென்றால் வெட்டிய பழைய ஃபேன் பெல்ட் போதும்: இறுக்கமாக ஒரு சுற்று சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்து ஒரு இரும்புக் கம்பியில் முறுக்கி, கம்பியின் நுனியை பில்டரில் ஊன்றி இழுக்கலாம். சைக்கிள் டியூப் வேண்டாம், நீண்டுகொண்டே போகும். வெடுக்கென்று இழுக்காதீர்கள். கைப்பிடியில் ஒரு குழாயைச் சொருகி நீளமாக்கி, மெதுவாகப் பாரம் கொடுத்து அப்படியே பிடித்து நில்லுங்கள். ரப்பர் விட்டுக்கொடுக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். 10ல் 9 பில்டர் இதிலேயே "டக்" என்று விட்டுவிடும், அதற்கப்புறம் கையாலேயே சுற்றலாம்.

இதற்கும் அசையவில்லை என்றால்தான் ஸ்க்ரூ டிரைவர். அதற்கு முன் புது பில்டர் உங்கள் கையில் இருக்க வேண்டும், பழையதன் நம்பரோடும் ரப்பர் வளையத்தின் அளவோடும் ஒத்துப்போகிற பில்டர். ஓட்டை போட்ட பிறகு வண்டியை ஸ்டார்ட் பண்ண முடியாது, வயலில் நின்றால் வயலிலேயே நிற்கும். அடிக்கும் இடம் தட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நட்ட நடுவைத் தவிர்த்துக் கொஞ்சம் ஓரமாக. நடுவில்தான் வண்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக்குழாய் இருக்கிறது, அதில் பட்டால் பில்டர் வேலை பெரிய செலவாக மாறிவிடும். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும். திருப்பும்போது தகடு கிழிய ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

நான் ஒரு முறை நிறுத்தவில்லை. டப்பா முழுவதும் கிழிந்து கையோடு வந்துவிட்டது, தட்டு மட்டும் வண்டியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அப்படி ஆனாலும் பயப்பட வேண்டாம். தட்டில் நடுத் துளையைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். எதிரெதிர்த் துளைகள் இரண்டில் போல்ட்டுகளைச் செருகி, இடையே ஒரு கம்பியைக் கொடுத்துத் திருப்பலாம். இல்லையென்றால் தட்டின் விளிம்பில் உளியைச் சாய்த்து வைத்து, கழலும் திசையில் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி நகர்த்தலாம். எதைச் செய்தாலும் முதலில் நடுத் துளையில் ஒரு துணியைப் பந்தாக அடைத்து, ஒரு முனையை வெளியே தொங்கவிடுங்கள். பெரும்பாலான பில்டர்களில் சுத்தமான எண்ணெய் போகும் வழி அதுதான், இரும்புத் தூள் அதில் விழுந்தால் நேரே பம்ப்புக்குப் போகும். உளி, ரப்பர் உட்காரும் வழவழப்பான முகத்தில் படக் கூடாது. அங்கே ஒரு கீறல் விழுந்தால் எத்தனை புது பில்டர் போட்டாலும் கசியும்.

கழன்றதும் பழைய பில்டரின் வாயைப் பாருங்கள், ரப்பர் வளையம் அதோடு வந்திருக்கிறதா? வரவில்லை என்றால் வண்டியின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேலேயே புதியதை மாட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் ஊற்றிய எண்ணெய் எல்லாம் தரையில் நின்றதைக் கண்ணால் பார்த்தவன் நான். நடுவில் இருக்கும் மரைக்குழாயும் பில்டரோடு சேர்ந்து கழன்று வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதியதை மாட்டும்போது முகத்தை நூல் பிரியாத துணியால் துடைத்து, ரப்பரில் புது எண்ணெயைத் தடவி, கையால் சுற்றுங்கள். ரப்பர் தொட்ட இடத்திலிருந்து சுமார் முக்கால் சுற்று, அவ்வளவுதான். சில பில்டர்களின் உடம்பிலேயே எத்தனை சுற்று என்று அச்சடித்திருக்கும், அப்படி இருந்தால் அதுதான் கணக்கு. ரெஞ்சைத் தொட வேண்டாம்.

எண்ணெயைப் பொறுத்தவரை உங்கள் வண்டியில் எண்ணெயில் மூழ்கிய பிரேக் இருந்தால் அதற்கென்றே வரும் எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும், கையேட்டில் இருக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் பிரேக் கத்தும், தேயும்.

ஊற்றி முடித்ததும் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, லிஃப்டை எடையில்லாமல் நாலைந்து முறை ஏற்றி இறக்கி, நிறுத்தி, மட்டம் பார்த்து, குறைந்த அளவை ஊற்றுங்கள். உங்கள் பில்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் இருந்தால் இறுக்கம் போதாதபோது எண்ணெய் வெளியே கசிந்து காட்டாது, காற்றுதான் உள்ளே போகும். லிஃப்ட் விட்டு விட்டுத் தூக்குவது, பம்ப் ஊளையிடுவது, எண்ணெயில் நுரை தெரிவது இதற்கு அடையாளம். அப்படி இருந்தால் வயலுக்கு இறக்காமல் பில்டரைக் கழற்றி ரப்பரைப் பார்த்துத் திரும்ப மாட்டுங்கள், இந்த முறை கையாலேயே கழலும். இறக்கிய பழைய எண்ணெயை வாய்க்காலில் விடாமல் கேனில் பிடித்து வையுங்கள், பழைய எண்ணெய் வாங்குகிறவர்கள் வந்து எடுத்துப்போவார்கள்.