அக்கா பதில்கள்: மூன்று பிறவி எடுத்த செய்தி

போன இதழில் என்னை அறிமுகப்படுத்தும்போது, "ரங்கூன் பத்திரிகைகளை அச்சிலிருந்து இணையத்துக்குக் கொண்டுவரும் வேலையை இருபது வருடத்துக்கு மேல் பார்த்தவர்" என்று ஆசிரியர் ஒரு வரி போட்டுவிட்டார். அதுவரை மாமியார் தொல்லை, முடி உதிர்வது, பாஸ்போர்ட் சந்தேகம் என்று வந்துகொண்டிருந்த கடிதங்கள் இந்த முறை அடியோடு மாறிவிட்டன. மாமியார்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: அக்கா, என் மகன் ரங்கூனில் ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் 'டிஜிட்டல்' பிரிவில் சேர்ந்திருக்கிறான். என்ன வேலை என்று கேட்டால் சிரிக்கிறான். சொந்தக்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? (தட்டோனிலிருந்து ஒரு தாய்)

"பத்திரிகை ஆபீஸில் வேலை" என்று சொல்லுங்கள், போதும். என் அம்மா கடைசி வரை "டைப் அடிக்கிறாள்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பாதி உண்மை.

நான் என்ன செய்தேன் என்று சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் பிடிபடும். 2010-ஐ ஒட்டிய காலம். நிருபர் நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். டைப் அடிக்கும் பெண் அதை வின் இன்வா என்ற எழுத்துருவில் அடிப்பாள். பேஜ்மேக்கரில் பக்கம் கட்ட அதுதான் தோது. அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் பர்மிய உருவங்களை உட்கார வைத்தது. அது இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பை தெரியும். சரி, பேஸ்புக்கில் போட வேண்டுமா? அதையே ஸோஜி எழுத்துருவுக்கு மாற்ற வேண்டும். சொந்த இணையதளம் யூனிகோடில், அதாவது உலகத்து மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீட்டில் இருந்தால் இன்னொரு தடவை. ஒரே செய்திக்கு மூன்று பிறவி. ஒவ்வொரு பிறவியிலும் ஒரு புள்ளியோ கொம்போ இடம் மாறி நிற்கும், ஒரு அமைச்சரின் பெயர் வேறு யாருடைய பெயராகவோ ஆகிவிடும். அதைப் பிடிப்பது என் வேலை. மின்சாரம் இருந்தால்.

எழுத்தை மாற்றியதைவிட ஆசிரியர்களை மாற்றியதுதான் பெரும்பாடு. நான் முதலில் போன இடத்தில் ஆசிரியருக்கு அறுபது வயதிருக்கும். வெற்றிலைக் கறையோடு சிரிப்பார். "இன்றைக்கே இதை இணையத்தில் போட்டுவிட்டால் வியாழக்கிழமை வரும் இதழை எவன் காசு கொடுத்து வாங்குவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "என்ன நடந்தது என்பது இணையத்தில், ஏன் நடந்தது என்பது இதழில்" என்று ஏதோ கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. கடைசியில் ஒன்றுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்: இங்கிலாந்து கால்பந்து முடிவுகள். நள்ளிரவில் முடியும் ஆட்டத்துக்கு வியாழக்கிழமை வரை எவனும் காத்திருக்க மாட்டான், டீக்கடையில் காலையிலேயே பந்தயக் கணக்குத் தீர்த்துவிடுவார்கள் என்பது அவருக்கே தெரியும். அப்படி எங்கள் இதழில் முதன்முதலில் இணையம் ஏறியது விளையாட்டுப் பக்கம்தான். ஆகவே அம்மா, உங்கள் பையன் மூத்த பிரிவில் இருக்கிறான். சொந்தக்காரர்களிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: என் அப்பா பழைய பத்திரிகைகள் எல்லாவற்றையும் 'ஜர்னல்' என்றே சொல்வார். அப்போது தினசரிகளே கிடையாதா? (மாண்டலேயிலிருந்து ஒரு மாணவர்)

அரசாங்கத்தின் தினசரிகள் இருந்தன. தனியார் தினசரி நடத்த அனுமதி இல்லை. தனியாருக்குக் கிடைத்தது வார இதழ். அதைத்தான் எல்லோரும் ஜர்னல் என்றார்கள். அந்த வார இதழும் அச்சுக்குப் போகுமுன் தணிக்கை அலுவலகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். போன பக்கம் போனபடியே திரும்பாது. வெட்டிய இடத்தை நிரப்பச் சமையல் குறிப்பு, ஜோதிடம், தெரிந்த கடையின் விளம்பரம் என்று எப்போதும் கைவசம் வைத்திருப்போம்.

2012 ஆகஸ்ட் 20 அன்று அந்த முன்தணிக்கை நின்றது. 2013 ஏப்ரல் 1 அன்று, கிட்டத்தட்ட ஐம்பது வருடங்களுக்குப் பிறகு, தனியார் தினசரிகள் வெளிவந்தன. முதல் நாளில் நான்கு. சூலே பகோடா சாலையில் நான் போய்ச் சேர்வதற்குள் விற்பவரிடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதையும் எனக்கு முன்னால் நின்ற ரிக்‌ஷாக்காரர் வாங்கிக்கொண்டார். "படித்துவிட்டுத் தருகிறேன், ஏறு" என்றார். ஏறினேன். பத்திரிகை வேலை பார்ப்பவள் சவாரிக்குக் காசு கொடுத்து அடுத்தவர் பேப்பரைப் படித்த நாள் அது.

என் வேலையில் இதனால் தலைகீழ் மாற்றம். தணிக்கைக் காலத்தில் இணையதளம் இதழுக்குப் பின்னால் நடந்தது. அச்சில் வராததை இணையத்தில் ஏற்ற யாருக்கும் துணிச்சல் இல்லை. தணிக்கை போனதும் நிருபர் சம்பவ இடத்திலிருந்தே அனுப்பலாம் என்றானது. 2014-ல் வெளிநாட்டு போன் கம்பெனிகள் வந்து சிம் கார்டு 1500 கியாட்டுக்குக் கிடைத்தது. அதற்கு முன்பு அது லட்சக்கணக்கில் விற்ற பொருள். மகள் கல்யாணத்துக்கு நகையோடு சிம் கார்டும் சீர் வைத்த குடும்பம் எனக்குத் தெரியும்.

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நடந்தது உங்கள் அப்பாவுக்கே தெரியும். மார்ச் மாத நடுவில் கடைசித் தனியார் தினசரியும் நின்றது. முழுசாக எட்டு வருடம்கூட இல்லை. இதற்கு மேல் இந்தப் பகுதியில் எழுதுவதாக இல்லை.

கேள்வி: பத்து வருடத்துக்கு முன் கணினியில் அடித்து வைத்த கட்டுரைகளை இப்போது புது போனில் திறந்தால் எழுத்தெல்லாம் சிதறிக் கிடக்கிறது. போன் கோளாறா? மோன் மொழியில் எழுதியவையோ அந்தக் காலத்திலேயே சரியாகத் தெரிந்ததில்லை. (மோல்மேனிலிருந்து ஓர் ஆசிரியை)

போன் நன்றாகத்தான் இருக்கிறது டீச்சர். உங்கள் கட்டுரைகள் ஸோஜியில் இருக்கின்றன. போன் அவற்றை யூனிகோடு என்று நினைத்துப் படிக்கிறது.

தமிழை வைத்தே சொல்கிறேன். 'கொ' என்று எழுதும்போது கை முதலில் கொம்பைப் போடுகிறது. பழைய தமிழ் எழுத்துருக்களும் அப்படியே சேமித்தன: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடு கை போகும் வரிசையைப் பார்ப்பதில்லை, வாய் சொல்லும் வரிசையைக் கேட்கிறது. முதலில் க, அதன் பின் ஒகரக் குறி. பர்மிய மொழியிலும் எழுத்துக்கு முன்னால் நிற்கும் ஒரு கொம்பு உண்டு. யூனிகோடு அதை எழுத்துக்குப் பின் சேமிக்கிறது, ஸோஜி முன்னால் சேமித்தது. கணினியில் எழுத்துகளுக்கு ஒதுக்கிய எண்களை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் பழைய எழுத்துருக்கள் வேறு வீட்டில் குடியிருந்ததால் யூனிகோடு தனி வீட்டில் வந்து உட்கார்ந்தது. இங்கேயோ ஸோஜி, யூனிகோடு பர்மிய எழுத்துக்கு ஒதுக்கிய அதே வீட்டுக்குள் புகுந்து சாமான்களை இடம் மாற்றி வைத்துவிட்டது. ஒரு கோப்பைப் பார்த்தால் அது எது என்று கணினிக்கே சட்டென்று தெரியாது.

உங்கள் மோன் மொழிக் கட்டுரைக்கும் இதுதான் காரணம். அந்த வீட்டில் மோன், ஷான், கரேன் எழுத்துகளுக்கென்று தனி அறைகள் ஒதுக்கியிருந்தார்கள். ஸோஜி அந்த அறைகளில் பர்மிய எழுத்தின் குட்டை வடிவம், நெட்டை வடிவம் என்று அடுக்கிவிட்டது. மோன் எழுத்துக்கு நிற்க இடமில்லை.

அப்படியானால் ஸோஜி ஏன் ஜெயித்தது? பழைய விண்டோஸில் யூனிகோடு பர்மிய எழுத்தை ஒழுங்காகக் கோத்துக் காட்டத் தெரியாது. ஸோஜி போட்டவுடன் தெரிந்தது. கடைக்காரன் போன் விற்கும்போதே ஸோஜியையும் பேஸ்புக்கையும் ஏற்றிக் கொடுத்தான். குறை சொல்ல நான் யார், எங்கள் பக்கத்தையும் ஸோஜியில்தான் நடத்தினோம். ஒரே சொல்லை நாலு பேர் நாலு வரிசையில் அடித்திருப்பார்கள், கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், தேடினால் ஒன்று மட்டும் கிடைக்கும். எங்கள் தேடல் பெட்டி பல வருடம் வெறும் அலங்காரம். 2019 அக்டோபர் 1 அன்று நாடு யூனிகோடுக்கு மாறுவதாக அறிவித்தார்கள். அதன்பின்னும் கொஞ்ச காலம் ஒவ்வொரு செய்தியையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டிலும் போட்டோம்.

உங்களுக்கு வழி இருக்கிறது. ராபிட் போன்ற மாற்றிகள் இலவசம். பர்மியக் கட்டுரைகளை அதில் ஒட்டினால் யூனிகோடாக வரும். மாற்றியபின் ஊர்ப் பெயர், ஆள் பெயர், பாலி சொற்கள் மூன்றையும் கண்ணால் படித்துப் பாருங்கள், தவறு அங்கேதான் ஒளிந்திருக்கும். மூலக் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள்.

கேள்வி: காகிதப் பத்திரிகை செத்துப்போகுமா? (இன்சினிலிருந்து)

பஜ்ஜி எண்ணெய் பிழிய ஆள் இருக்கும் வரை சாகாது.

கேள்வி: இத்தனை வருடத்தில் நீங்கள் செய்த பெரிய தவறு? (பெகுவிலிருந்து ஒரு வாசகர்)

வாடகை வீட்டுக்கு வெள்ளையடித்தேன், சொந்த வீட்டை ஒழுக விட்டேன்.

ஒரு வார இதழுக்கு நான் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம், குற்றம் என்னுடையது. "ஊரே பேஸ்புக்கில் இருக்கிறது, இணையதளத்துக்கு ஏன் தனியாகச் செலவு?" என்று கேட்டார்கள். நானும் தலையாட்டினேன். செய்தி, படம், பேட்டி எல்லாம் பேஸ்புக் பக்கத்தில் மட்டும் போனது. இதழில் இடம் கிடைக்காததும் அங்கே போனது. அந்தப் பக்கத்தை ஒரு பையன் தன் சொந்தக் கணக்கில் ஆரம்பித்திருந்தான். இணைய முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதமும் அவன் மின்னஞ்சலுக்குத்தான் போகும். அவன் மலேசியாவுக்கு வேலைக்குப் போனான், எண்ணை மாற்றினான், பழைய கணக்கை மூடினான். ஒரு மாதத்துக்குள் பக்கமும் இல்லை, முகவரியும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் தௌங்கூ பக்கத்திலிருந்து ஓர் அம்மா ஆபீஸுக்கு வந்தார். பத்தாம் வகுப்புத் தேர்வில் ஆறு பாடத்திலும் டிஸ்டிங்ஷன் வாங்கிய பெண்ணைப் பற்றி நாங்கள் படத்தோடு செய்தி போட்டிருந்தோம். அவருடைய மகள். அந்தப் பெண் பிறகு காய்ச்சலில் இறந்துவிட்டாள். "அந்தச் செய்தி இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அச்சில் வந்திருந்தால் தைத்து வைத்த பழைய இதழ்க் கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்திருப்பேன். அச்சில் வரவில்லை. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு எதுவும் கொடுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பத்திரிகைக்குள் போனாலும் முதல் கேள்வி: முகவரி யார் பெயரில் இருக்கிறது? இரண்டாவது: எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி இருக்கிறதா, இரண்டு வகைச் சேமிப்புப் பொருளில் இருக்கிறதா, அதில் ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்கிறதா? பார்வை எத்தனை, லைக் எத்தனை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அந்தக் கணக்கு சொல்ல இன்று எவன் வேண்டுமானாலும் கிடைப்பான்.

கேள்வி: தாத்தாவின் தகரப் பெட்டியில் பழைய ரங்கூன் தமிழ்ப் பத்திரிகைகள் இருக்கின்றன. தொட்டால் உதிர்கின்றன. எரித்துவிடலாம் என்கிறார் மாமா. என்ன செய்வது? (பியாப்பூனிலிருந்து ஒரு வாசகி)

மாமாவின் கையில் தீப்பெட்டி கொடுக்காதே தங்கச்சி.

1966 தொடங்கும்போது சீன, இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு உரிமம் நின்றது. தமிழும் அதில் போனது. என் அப்பா ரங்கூனில் ஒரு தமிழ் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்த்தவர். மறு மாதமே பர்மிய அச்சகம் ஒன்றில் சேர்ந்துவிட்டார். பர்மிய எழுத்து அவர் விரலுக்கு நன்றாகத் தெரியும், வாய்க்கு வராது. தலைகீழாகக் கோர்ப்பார், படிக்கச் சொன்னால் சிரிப்பார். அவர் தமிழ் கோர்த்ததை நான் பார்க்கவே இல்லை.

இப்போது உன் வேலை. செலோடேப் ஒட்டாதே, பசை பழுப்பாகித் தாளைத் தின்றுவிடும். மடிப்பைக் கையால் நீவாதே. அடியில் ஒரு வழவழப்பான அட்டையைச் செருகி, தாளோடு சேர்த்துத் தூக்கு. வெயில் நேராகப் படாத ஜன்னலோரம், காலை நேரம். போனை மேலே அசையாமல் நிறுத்தி ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாக ஒரு படம், பிறகு நான்கு துண்டாக நான்கு படம். ஸ்கேனர் கிடைத்தால் 300 டிபிஐக்குக் குறையாமல் வை. படத்துக்கு ஆண்டு, மாதம், தேதி, பக்கம் என்ற வரிசையில் பெயர் வை. இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே, 'படம் 0417' என்று கிடந்தால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. தெளிவான படமாக இருந்தால் கூகுள் டிரைவே தமிழ் எழுத்தைப் படித்துக் கொடுக்கும். பிழைகள் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும், தேடக் கிடைத்தால் போதும்.

எல்லாம் முடிந்தபின் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த புத்தகங்களிலிருந்து 1994-ல் உருவான நூலகம் அது. பழைய தாளின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம், ஒவ்வொரு இதழின் கடைசிப் பக்கத்திலும் அடியில் பொடி எழுத்தில் எந்த அச்சகம், எந்தத் தெரு என்று போட்டிருப்பார்கள். 37-ஆம் தெரு என்று எதிலாவது இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் முதலில் எடுத்து எனக்கு அனுப்பு.