மலைத்தொடர் முதலிலிருந்தே வளைவா, பிறகு வளைந்ததா என்று பாறைக் காந்தத்தை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்? மறுகாந்தமேறிய பாறை, அதாவது உருவான பிறகு மறுபடியும் காந்தமேறிய பாறை, இதற்கு உதவுமா?

யாரோ உங்களிடம் "இது மறுகாந்தமேறியது, தூக்கிப் போடு" என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது கேள்வி வந்திருக்காது. எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்தான். பாறையிலுள்ள மேக்னடைட், ஹெமடைட் துகள்கள் அன்றைய காந்த வடக்கைப் பிடித்து வைத்திருக்கும். தொடர் வளைந்தால் அந்தத் திசையும் கூடவே திரும்பும். வளைவு நெடுக மாதிரி எடுத்து, தொடர் ஓடும் திசையை (போக்கு) ஒரு அச்சிலும், பாறையின் காந்தத் திசை வடக்கிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை (காந்த விலக்கம்) இன்னொரு அச்சிலும் வைத்து வரைந்து பாருங்கள். கோட்டின் சாய்வு 1 என்றால் நேராக இருந்தது முழுக்கப் பிறகு வளைந்திருக்கிறது. 0 என்றால் உருவானதே வளைவாகத்தான். பல தொடர்கள் நடுவில் எங்கேயோ நிற்கும்.

என் சுண்ணாம்புக்கல் மாதிரிகளைப் படிப்படியாகச் சூடேற்றியபோது, இன்றைய புவிக்காந்தம் ஏற்றிய மேல்பூச்சு முதலில் போனது. அதற்கடியில் வந்த திசைகள், மடிந்து சாய்ந்த பாறை அடுக்குகளை (படுகைகளை) கணக்கில் கிடையாகத் திருத்தினால் சிதறின. திருத்தாமல் விட்டால் அந்தந்த இடத்தில் கொத்தாக நின்றன. அப்படியென்றால் மடிப்பு விழுந்த பிறகு ஏறிய காந்தம். மூத்த ஆய்வாளர் ஒருவர் அதோடு முடித்துவிடச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. திருத்தாத விலக்கத்தையே தொடரின் போக்கோடு சேர்த்து வரைந்தேன். இரண்டும் சேர்ந்தே திரும்பின! மடிப்பு முந்தி, காந்தம் அப்புறம், வளைவு அதற்கும் பிந்தி. பாறை உருவானபோது ஏறிய முதல் காந்தம் மட்டும் இருந்திருந்தால் இந்த வரிசை கிடைத்திருக்குமா? பாறையின் வயதைவிடக் காந்தத்தின் வயதுதான் இங்கே முக்கியம்.

இது என் கண்டுபிடிப்பு என்று சொல்ல வரவில்லை, சண்டைக்கு வந்துவிடாதீர்கள். வட ஸ்பெயினின் கான்டாப்ரியன் வளைவில் இதே வழியில்தான் மறுகாந்தமேறிய சுண்ணாம்புக்கற்களை வைத்து, கார்பனிஃபெரஸ் காலத்தின் கடைசியிலும் பெர்மியன் காலத்தின் தொடக்கத்திலும் (சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்) தொடர் வளைந்தது என்று காட்டினார்கள்.

என் வரைபடம் பிறகு அந்த மூத்தவரின் கட்டுரையில் வந்தது. என் பெயர் நன்றியுரையில், உலையைப் பழுதுபார்த்தவருக்கு அடுத்து. பெயர் வரிசையை யார் முடிவு செய்கிறார்கள் என்று தனியாக ஒரு கேள்வி போடுங்கள், விலாவாரியாக எழுதுகிறேன்.

ஒரு எச்சரிக்கை: மடிப்பின் அச்சு (அடுக்குகள் எந்தக் கோட்டைச் சுற்றி மடிந்தனவோ அது) கிடையாக இல்லாமல் சரிந்திருந்தால், வெறும் படுகைச் சாய்வைத் திருத்துவதே இல்லாத சுழற்சியைக் காட்டிவிடும். அச்சுச் சரிவை முதலில் நிமிர்த்துங்கள்.