நார்டிக் நாடுகளின் கப்பலும் விமானமும்: கேள்வி பதில்

நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து பக்கம் கப்பலிலும் விமானத்திலும் கரிம உமிழ்வைக் குறைக்க என்ன செய்கிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். உலகின் மொத்த கரிம உமிழ்வில் கப்பலின் பங்கு சுமார் 3 சதவீதம், விமானத்தின் பங்கு சுமார் 2.5 சதவீதம். நான் கப்பல் மின்சார வேலையில் இருப்பவள். அதனால் கப்பல் கேள்விகளுக்கு நீளமாகவும் விமானக் கேள்விகளுக்குக் கொஞ்சம் சுருக்கமாகவும் பதில் வரும். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கொற்கைவாசி: அக்கா, பேட்டரியில் ஓடும் படகு என்கிறார்களே, அது சுற்றுலாப் படகா, இல்லை நிஜமாகவே கார், லாரி ஏற்றுகிற படகா?

கார், லாரி ஏற்றுகிற படகுதான். நார்வேயின் மேற்குக் கரையில் மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்திருக்கும். ஃபியோர்டு என்பார்கள். அதில் பெரியது சோங்னே ஃபியோர்டு. அங்கே லாவிக், ஒப்பெடால் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையே 2015-இல் 'ஆம்பியர்' என்ற படகு ஓடத் தொடங்கியது. 80 மீட்டர் நீளம், 120 கார், 360 பயணிகள். முழுக்க பேட்டரியிலேயே ஓடும் பெரிய கார் படகு உலகில் அதுதான் முதல். கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் தூரத்தை 20 நிமிடத்தில் கடந்தது. ஒரு நாளைக்கு 34 நடை.

கரையில் நிற்பது பத்தே நிமிடம். வண்டிகள் இறங்கி, வேறு வண்டிகள் ஏறுவதற்குள் சார்ஜ் ஏறியாக வேண்டும். ஒரு தடவை கடக்க சுமார் 150 யூனிட் மின்சாரம் செலவாகும். அவ்வளவையும் பத்து நிமிடத்தில் இழுத்தால் அந்தச் சின்ன ஊரின் மின்கம்பி தாங்காது. அதனால் இரண்டு கரையிலும் தலா ஒரு பேட்டரி வைத்தார்கள். சின்ன மோட்டார் நாள் முழுக்க ஓடி மேல்நிலைத் தொட்டியை நிரப்பி வைக்க, காலையில் எல்லா வீட்டுக் குழாயும் ஒரே நேரத்தில் திறப்பது போல, கரை பேட்டரி ஊர் மின்சாரத்தில் மெதுவாக நிறையும், படகு வந்ததும் மொத்தமாகக் கொட்டிக் கொடுக்கும். எல்லாரும் படகைத்தான் படம் பிடிக்கிறார்கள். வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கரை பேட்டரிதான் பெரிய விஷயம்.

அதற்கப்புறம் நார்வேயில் பேட்டரி பொருத்திய கார் படகுகள் 70-ஐத் தாண்டிவிட்டன. ஆஸ்லோ ஃபியோர்டில் மோஸ், ஹோர்டென் ஊர்களுக்கிடையே ஓடும் 'பாஸ்டோ எலெக்ட்ரிக்' 200 கார் ஏற்றும்.

கணக்கர்: இவ்வளவு செலவை எந்தக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும்? லாபம் பார்க்காமல் செய்வார்களா?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. யாரும் லாபம் பார்க்காமல் செய்யவில்லை. நார்வேயில் கார் படகு என்பது சாலையின் ஒரு துண்டு. நெடுஞ்சாலைத் துறையோ மாவட்ட நிர்வாகமோ டெண்டர் விடும், கம்பெனி எட்டு, பத்து வருடத்துக்கு ஒப்பந்தம் எடுத்து ஓட்டும். ஆம்பியர் ஓடத் தொடங்கிய வழித்தடத்துக்கு டெண்டர் விட்டபோது, பழைய மாதிரி டீசல் படகு வேண்டாம், ஆற்றலைக் குறைவாகச் செலவழிக்கும் புது வடிவமைப்பைக் கொண்டுவாருங்கள் என்று துறையே போட்டி வைத்தது. நோர்லெட் என்ற கம்பெனி, ஃபியெல்ஸ்ட்ராண்ட் கப்பல் கட்டும் தளத்தோடும் சீமென்ஸோடும் சேர்ந்து பேட்டரிப் படகோடு வந்து ஜெயித்தது. பத்து வருட வருமானம் உறுதி என்று ஒப்பந்தத்தில் இருக்கும்போது, வங்கி கடன் கொடுக்கத் தயங்காது.

அதன் பிறகு நாடாளுமன்றமே சொல்லிவிட்டது: தொழில்நுட்பம் இடம் கொடுக்கிற வழித்தடங்களில் புது டெண்டர் எல்லாவற்றிலும் புகை இல்லாத, அல்லது புகை குறைந்த படகையே கேட்க வேண்டும் என்று. கரையில் சார்ஜிங் வசதிக்கு எனோவா என்ற அரசு நிறுவனம் பணம் தந்தது. 1991 முதலே எரிபொருளுக்குக் கரிம வரி இருக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடு நிதி என்று இன்னொன்றும் உண்டு. கம்பெனிகள் வரிக்குப் பதிலாக அதில் பணம் கட்டும், புகையைக் குறைக்கும் கருவி வாங்க அதிலிருந்தே திரும்பப் பெறும்.

நம் ஊரிலிருந்து போகும் குழுக்கள் படகைப் பார்த்துவிட்டு வருகின்றன. டெண்டர் ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். படகைக் காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். அதை ஓட்டவைத்தது அந்த ஆவணத்தில் இருந்த நிபந்தனை.

நெய்தல்: எண்ணெய் விற்றே பணக்காரர்களான நாடு புகை குறைப்பு பற்றிப் பேசலாமா மேடம்?

முரண்பாடுதான், மறுக்க மாட்டேன். அவர்கள் தோண்டி விற்கிற எண்ணெய் வேறு நாட்டில் எரியும்போது அந்தப் புகை நார்வே கணக்கில் வராது. ஆனால் அதற்காகப் படகை டீசலுக்கே திருப்ப வேண்டும் என்று ஆகாது. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: நார்வேயின் மின்சாரத்தில் சுமார் 90 சதவீதம் நீர்மின்சாரம். அங்கே பேட்டரிப் படகு என்றால் உண்மையிலேயே சுத்தம். நிலக்கரி மின்சாரத்தில் சார்ஜ் செய்கிற ஊரில் ஆதாயம் அவ்வளவு இருக்காது.

பாய்மரம்: தானாகவே பிளக் மாட்டிக்கொள்ளும் கப்பல் உண்டாமே?

உண்டு. டென்மார்க்கின் ஹெல்சிங்கோர், ஸ்வீடனின் ஹெல்சிங்போரி இரண்டுக்கும் நடுவே கடல் 4 கிலோமீட்டர்தான். அங்கே 'டைகோ பிராஹே', 'அவ்ரோரா' என்ற இரண்டு பழைய டீசல் கப்பல்களை 2018-இல் பேட்டரிக்கு மாற்றினார்கள். ஒவ்வொன்றிலும் 640 பேட்டரிகள். ஒரு கப்பலுக்கு மொத்தம் 4,160 யூனிட். அவற்றை என்ஜின் அறைக்குள் திணிக்கவில்லை, கன்டெய்னர்களில் அடைத்து மேல்தளத்தில் ஏற்றிவிட்டார்கள்.

கப்பல் துறையை நெருங்கும்போதே கரையில் உள்ள ரோபோ கை லேசரால் அளந்து, கப்பல் எங்கே நிற்கிறது, எவ்வளவு ஆடுகிறது என்று கணக்குப் போட ஆரம்பிக்கும். கப்பல் நின்றதும் கை நீண்டு கேபிளைப் பிடித்து இணைக்கும். மொத்த நேரமே ஐந்து முதல் ஒன்பது நிமிடம். அதில் பிளக் மாட்ட ஓர் ஆள் ஓடி, கேபிளை இழுத்து, பூட்டி, சைகை காட்டிக்கொண்டிருந்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். ரோபோ ஆடம்பரத்துக்கு வைத்ததில்லை. பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் போகிற இணைப்பு, உப்புக் காற்று, ஆடுகிற கப்பல் என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் மனிதக் கையை நான் வைக்க மாட்டேன்.

தீயணைப்பு வீரர் ஒருவர்: பேட்டரி தீப்பிடித்தால்?

பிடித்திருக்கிறது. 2019 அக்டோபரில் நார்வேயின் 'யிட்டெரோய்னிங்கென்' படகில் பேட்டரி அறைப் பக்கம் தீ. பயணிகள் பத்திரமாக இறங்கினார்கள். தீ அடங்கியதாக நினைத்தார்கள். ஆனால் சூடான பேட்டரியிலிருந்து கசிந்த வாயு உள்ளே சேர்ந்து, மறுநாள் காலை வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. குளிர்விக்கும் திரவம் கசிந்ததிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. பேட்டரி அறையின் காற்றோட்டத்தையும் வாயு கண்டறியும் கருவியையும் பற்றி யாராவது "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால், அவருக்கு இந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள்.

மரக்கலம்: கொழும்பிலிருந்து ரோட்டர்டாம் போகிற பெரிய கன்டெய்னர் கப்பலுக்கும் பேட்டரி வைக்கலாமா?

முடியாது. வாரக்கணக்கில் ஓடத் தேவையான பேட்டரியை ஏற்றினால் சரக்குக்கு இடம் இருக்காது. அங்கே எரிபொருளைத்தான் மாற்ற வேண்டும். டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் மெத்தனாலைத் தேர்ந்தெடுத்தது. 2023-இல் வந்த 'லாரா மேர்ஸ்க்' மெத்தனாலில் ஓடக்கூடிய முதல் கன்டெய்னர் கப்பல், சுமார் 2,100 பெட்டி ஏற்றும். அடுத்த வருடமே 16,000 பெட்டி ஏற்றும் 'ஆனே மேர்ஸ்க்' வந்தது. இதற்கு முன்பே, 2015-இல், ஸ்வீடனின் 'ஸ்டெனா ஜெர்மானிகா' மெத்தனாலுக்கு மாறியிருந்தது.

மெத்தனால் எரிந்தாலும் புகைபோக்கியிலிருந்து கரியமில வாயு வரும். அதில் உள்ள கரி எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. நிலத்தடி வாயுவிலிருந்து செய்த மெத்தனால் என்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை. டென்மார்க்கில் கஸ்ஸோ என்ற இடத்தில் 2025-இல் திறந்த ஆலையில், பக்கத்துச் சூரிய மின் பூங்காவின் மின்சாரத்தில் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, சாண எரிவாயு ஆலையில் கிடைக்கும் கரியமில வாயுவோடு சேர்த்து மெத்தனால் செய்கிறார்கள். வருடத்துக்கு 42,000 டன் வரை. கேட்க நிறைய போல இருக்கும். ஆனால் மெத்தனாலில் ஆற்றல் கப்பல் எண்ணெயில் உள்ளதில் பாதிக்கும் குறைவு, அதனால் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்ற வேண்டும். பெரிய கப்பல் ஒன்றிரண்டுக்கே அது சரியாகப் போய்விடும்.

விலையும் அதிகம். ஸ்வீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக்கில் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் மின் நிறுவனம் கட்டிக்கொண்டிருந்த இதே மாதிரி ஆலையை, நீண்டகால ஒப்பந்தத்தோடு வாங்க ஆள் இல்லை என்று 2024-இல் பாதியில் கைவிட்டார்கள். கார் படகுக்கு அரசு என்ற வாடிக்கையாளர் பத்து வருட உறுதி கொடுத்தது. பெருங்கடலில் அப்படி உறுதி கொடுக்க ஆள் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் கப்பல் புகைக்கு விலை வைக்கத் தொடங்கியிருக்கிறது. உலகம் முழுக்க அப்படி ஒரு கட்டணம் கொண்டுவரும் திட்டத்தைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2025 அக்டோபரில் ஓட்டுக்கு எடுக்காமல் ஒரு வருடம் தள்ளிப் போட்டுவிட்டது. எனக்கு இது பெரிய ஏமாற்றம்.

இரண்டு மூன்று பேர்: எல்.என்.ஜி. பரவாயில்லையா?

எல்.என்.ஜி. என்பது திரவமாக்கிய இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன். கந்தகமும் தூசியும் வெகுவாகக் குறையும். ஆனால் எரியாமல் தப்பி வெளியேறும் மீத்தேன் பூமியைக் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூடாக்கும். 2000-இலேயே 'குளூட்ரா' படகில் இதைத் தொடங்கிய நார்வே இப்போது பேட்டரிக்கு வந்துவிட்டது.

வேதியியல் ஆசிரியை: ஹைட்ரஜன்?

'ஹைட்ரா' என்ற கார் படகு 2023 முதல் திரவ ஹைட்ரஜனில் ஓடுகிறது. மைனஸ் 253 டிகிரியில் வைத்திருக்க வேண்டிய பொருள். அதை ஜெர்மனியின் லொய்னாவிலிருந்து லாரியில் நார்வே வரை கொண்டுவந்தார்கள். பரிசோதனை என்ற அளவில் சரி, தினசரி வாழ்க்கைக்கு உள்ளூரிலேயே கிடைத்தாக வேண்டும்.

ஊர்சுற்றி: கெய்ராங்கர் ஃபியோர்டுக்கு இனி புகை கக்கும் சொகுசுக் கப்பல் போக முடியாது என்று படித்தேன். உண்மையா?

பாதி உண்மை. கெய்ராங்கர் உட்பட, உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஃபியோர்டுகளில் 2026-க்குள் உமிழ்வே இருக்கக்கூடாது என்று நார்வே நாடாளுமன்றம் 2018-இல் தீர்மானித்தது. 2026 ஜனவரி முதல் 10,000 டன்னேஜுக்குக் குறைந்த பயணிகள் கப்பல்களுக்கு அது அமலாகிவிட்டது. பெரிய கப்பல்களுக்கு 2032 வரை தள்ளிவிட்டார்கள். புகை அதிகம் விடுவது பெரியவைதான். முடியாது என்றும் சொல்ல முடியாது: 'ஹவிலா காஸ்டர்' என்ற கடலோரப் பயணிகள் கப்பல் 2022-லேயே பேட்டரியில் அந்த ஃபியோர்டுக்குள் போய்வந்துவிட்டது.

வான்வழி: மின்சார விமானம் எப்போது வரும் அக்கா?

பயணிகளுக்கு, சொன்ன தேதியில் வராது. நார்வேயின் விமான நிலைய நிறுவனம் ஆவினோர், 2040-க்குள் உள்நாட்டு விமானங்கள் எல்லாம் மின்சாரம் என்று இலக்கு வைத்தது. இடம் பொருத்தமானதுதான்: 800 மீட்டர் ஓடுபாதை கொண்ட சின்னச் சின்ன நிலையங்கள், பதினைந்து இருபது நிமிடப் பயணங்கள். 2018-இல் அதன் தலைவர் டாக் ஃபால்க்-பெட்டர்சன் போக்குவரத்து அமைச்சரை இரண்டு இருக்கை மின்சார விமானத்தில் ஏற்றிப் பறந்தார். அடுத்த வருடம் அதே விமானம் சக்தி இழந்து ஓர் ஏரியில் இறங்கியது. நல்லவேளை, உள்ளே இருந்த இருவருக்கும் காயம் இல்லை. விடெரோ விமான நிறுவனத்துக்காகத் திட்டமிட்ட இத்தாலியின் டெக்னாம் விமானம் 2023-இல் நிறுத்தப்பட்டது. கோதன்பர்க்கில் பிறந்த ஹார்ட் ஏரோஸ்பேஸ் 30 இருக்கை விமானத்தோடு அமெரிக்காவுக்கே போய்விட்டது.

காரணம் எடை. ஒரு கிலோ விமான எரிபொருளில் சுமார் 12 யூனிட் ஆற்றல். ஒரு கிலோ பேட்டரியில் கால் யூனிட். மோட்டாரின் திறன் அதிகம் என்று கழித்துப் பார்த்தாலும் பதினைந்து மடங்குக்கு மேல் இடைவெளி. எரிபொருள் தீரத் தீர விமானம் லேசாகும், பேட்டரி தீர்ந்தாலும் அதே கனத்தோடுதான் தரையிறங்கும். படகில் பத்து டன் பேட்டரி ஏற்றினால் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், காற்று தாங்காது.

வான்வழி (மறுபடி): அப்படியானால் விமானத்துக்கு வழியே இல்லையா?

வழக்கமான விமான எரிபொருளில் மாற்று எரிபொருளைக் கலப்பதுதான் இப்போதைக்கு வழி. 2016-இல் ஆஸ்லோ விமான நிலையம் வழக்கமான எரிபொருள் குழாய் வழியாகவே உயிரி எரிபொருள் கொடுக்க ஆரம்பித்தது. 2020 முதல் 0.5 சதவீதம் கலந்தே ஆக வேண்டும் என்று நார்வே சட்டம் போட்டது, உலகில் முதல் முறையாக. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025-இல் 2 சதவீதம், 2030-இல் 6, 2050-இல் 70 என்று படிப்படியாக ஏறும். பின்லாந்தின் நெஸ்டே எரிபொருள் நிறுவனம் இதில் பெரிய ஆள். அதன் சிங்கப்பூர் ஆலையிலும் பயன்படுத்திய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு போன்றவற்றிலிருந்து செய்கிறார்கள். ஆனால் உலகத்துப் பஜ்ஜிக் கடை எண்ணெய் முழுவதையும் வடித்துக் கொடுத்தாலும் விமானங்களுக்குப் போதாது.

வரிதாரர்: ஸ்வீடனில் விமான வரி எடுத்துவிட்டார்களாமே?

ஆமாம். 2018-இல் போட்டதை 2025 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். அதே 2025-இல் டென்மார்க் புதிதாக வரி போட்டது. ஸ்வீடன் செய்தது தவறு என்பது என் கருத்து.

நாகை மீனவர் மகன்: நாகப்பட்டினம், காங்கேசன்துறை கப்பலை மின்சாரத்தில் ஓட்டலாமா?

தூரம் சுமார் 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர். டென்மார்க்கின் ஏரோ தீவில் ஓடும் 'எல்லன்' மின்சாரப் படகு 22 கடல் மைல் போய்வந்துதான் சார்ஜ் போடுகிறது. அந்த அளவுக்கே அது சாதனை. நார்வேயில் உங்கள் தூரத்துக்கு ஒப்பானது போடோவிலிருந்து லோஃபோடென் தீவுகளுக்குப் போகும் சுமார் 100 கிலோமீட்டர் வழி. அங்கே பேட்டரியை விட்டுவிட்டு ஹைட்ரஜன் படகு கேட்டுத்தான் டெண்டர் விட்டார்கள். ஆக, இன்றைக்கு நாகைக்கு முழு மின்சாரம் சரிவராது. ராமேஸ்வரம், தலைமன்னார் தூரம் என்றால் பேட்டரி எட்டும்.

கட்டத் தெரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆஸ்லோ ஃபியோர்டில் ஓடும் 'மாரிட்', 'தெரெசெ' என்ற மின்சாரச் சரக்குப் படகுகள் இரண்டும் கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டி 2022-இல் நார்வேக்கு அனுப்பியவை.

மரைன் மாணவர்: நான் இப்போது எதைப் படிக்க?

கப்பலின் மின்தொழில்நுட்ப அதிகாரி, அதாவது இ.டி.ஓ. படிப்பு நல்லது. என்ஜின் பக்கம் என்றால் உயர் மின்னழுத்தப் பயிற்சியையும், மெத்தனால், எல்.என்.ஜி. போன்ற எரிபொருள்களுக்கான ஐ.ஜி.எஃப். பயிற்சியையும் முடித்து வையுங்கள். முதலில் அடிப்படைச் சான்றிதழ் எடுங்கள், கடல் அனுபவம் சேர்ந்த பிறகு மேல்நிலைச் சான்றிதழுக்குப் போகலாம்.