பதிவு செய்யாத திருமணம் என்றால் அடிவாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 28 வயது. நான்கு வருடத்துக்கு முன் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கோயிலில் தாலி கட்டித் திருமணம் நடந்தது. பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சம்பந்தி வீட்டில் சொன்னார்கள். இன்றுவரை செய்யவில்லை. இரண்டு வயதில் ஒரு பேரன் இருக்கிறான். மருமகன் குடித்துவிட்டு அடிக்கிறார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவள் உழைத்து வாங்கும் சம்பளம்கூட அவள் கையில் இல்லை, ஏடிஎம் கார்டை அவரே வைத்திருக்கிறார். போலீசுக்குப் போவேன் என்றால், "போ, நீ என் பெண்டாட்டி என்று காட்ட என்ன பேப்பர் வைத்திருக்கிறாய்?" என்கிறாராம். முதலில் பதிவு செய்யுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். வீடும் அவர் பெயரில். நாங்கள் என்ன செய்வது? (ஒரு தாய், பிறை)

பதில்: அம்மா, உங்கள் மருமகன் சொல்வது தவறு. இதை இன்றைக்கே உங்கள் மகளிடம் சொல்லிவிடுங்கள். அவளைக் கட்டிப்போட்டிருப்பது அவருடைய அடியைவிட இந்தப் பொய்தான் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது.

மலேசியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு, 1996இல் அமலுக்கு வந்தது. எல்லா மதத்தாருக்கும் பொதுவான சட்டம். சமய முறைப்படியோ வழக்கப்படியோ திருமணச் சடங்கு செய்துகொண்டவர், அதைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும், இந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருவார். சட்டத்தின் விளக்கப் பிரிவிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். மருமகன் கேட்கும் "பேப்பர்" உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது: கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் படம், கோயில் மண்டபத்துக்குக் கட்டிய ரசீது. நடத்தி வைத்த ஐயரும் சாட்சி சொல்லலாம். எல்லாவற்றையும் எடுத்து உங்கள் வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

இனி செய்ய வேண்டியது. அடி விழும் நேரமாக இருந்தால் 999தான். மற்ற நேரத்தில் தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999க்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், நீங்களே அழைத்து வழி கேட்கலாம். சமூகநல இலாகா அதிகாரியிடம் உங்கள் மகள் அவசரப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். உடலில் காயம் பட்டிருந்தாலும், காயப்படுத்துவார் என்ற அச்சம் இருந்தாலும் கேட்கலாம். இதற்குப் போலீஸ் ரிப்போர்ட் வேண்டியதில்லை, வக்கீல் வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் ஆணை கொடுக்க வேண்டும். ஏழு நாள் செல்லும். 2018 முதல் நடப்பில் இருக்கும் இந்த வழி நம் மக்களில் பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

அந்த ஏழு நாளுக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்துவிடுங்கள். காயம் இருந்தால் செபராங் ஜெயா போன்ற அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், "வீட்டில் அடித்துவிட்டார்" என்று உள்ளதைச் சொல்லட்டும். மாடிப்படியில் விழுந்தேன் என்று சொன்னால் மருத்துவக் குறிப்பிலும் அதுவே பதிவாகிவிடும். பிறகு நீதிமன்றத்தில் நாங்கள் எவ்வளவு வாதாடினாலும் அந்த ஒரு வரி எதிரே நிற்கும்.

"இது குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது கவுண்டரில் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, குடும்ப வன்முறைக் குற்றத்தை விசாரிப்பது போலீசின் கடமை. ரிப்போர்ட் நகலையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் கேட்டு வாங்குங்கள். அங்கிருந்து சமூகநல இலாகா வழியாக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை வாங்கலாம். விசாரணை முடியும்வரை அது இருக்கும். அவர்மேல் வழக்குத் தொடுத்தால், 12 மாதம்வரை பாதுகாப்பு ஆணை கிடைக்கும், அதை நீட்டிக்கவும் முடியும். ஆணையை மீறுவது தனிக் குற்றம், சிறைக்குப் போக நேரிடும். பாதுகாப்பு ஆணையில், அவர் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது என்றும் நீதிமன்றம் உத்தரவிடலாம். வீடு அவர் பெயரில் இருப்பது அதற்குத் தடையில்லை. சம்பளக் கார்டைப் பிடுங்கி வைத்திருப்பதையும் ரிப்போர்ட்டில் சொல்லட்டும். அவளுடைய பணத்தை இப்படி எடுத்துக்கொண்டு அவளைத் தவிக்க விடுவதும் இந்தச் சட்டத்தின் பார்வையில் வன்முறைதான்.

அடுத்து, உறவினர்கள் சொல்லும் யோசனை. தயவுசெய்து கேட்காதீர்கள். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது உண்மை. பதிவில்லாத கோயில் திருமணம் செல்லுமா என்பதில் நீதிமன்றங்கள் இரண்டு விதமாகவும் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. சொத்து, வாரிசு உரிமை என்று வரும்போது அது பெரிய சிக்கல்தான். ஆனால் அடிக்கிற ஒருவரோடு இப்போது போய்ப் பதிவு செய்தால் என்ன ஆகும்? பதிவான திருமணத்தில் பொதுவாக முதல் இரண்டு ஆண்டுக்குள் விவாகரத்து மனு போட முடியாது. மிகக் கடுமையான துன்பம் என்று நீதிமன்றத்தை நம்பவைத்து அனுமதி வாங்க வேண்டும். பெரும்பாலும் பதிவிலாகாவின் சமரசக் குழு முன்பும் உட்கார வேண்டும். திறந்திருக்கும் கதவை நாமே ஏன் பூட்ட வேண்டும்? அவள் பாதுகாப்பாக இருக்கட்டும், குடியை அவர் விடட்டும், பதிவைப் பற்றி அப்புறம் அவள் முடிவெடுக்கட்டும்.

பேரனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் "எங்கள் வாரிசு, தூக்கிக்கொண்டு போவோம்" என்ற மிரட்டல் இத்தகைய வீடுகளில் கட்டாயம் வரும். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைமேல் பொதுவாகத் தாய்க்கே முதல் உரிமை. அதேசமயம் தகப்பன் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. 1950ஆம் ஆண்டு ஜீவனாம்சச் சட்டப்படி, பெற்றவர்கள் சட்டப்படி மணந்திருக்காவிட்டாலும், அவன் அவர் பிள்ளைதான் என்று நிரூபித்தால் மாதச் செலவுக்குக் கேட்கலாம். அவனுடைய பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி இலாகாவும், பினாங்கு வழக்கறிஞர்களின் சட்ட உதவி மையமும் இருக்கின்றன. ஜார்ஜ் டவுனில் டபிள்யூ.சி.சி. பெண்கள் மையத்திலும் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

அவள் வீட்டைவிட்டுக் கிளம்புவதை அவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். இந்த ஆண்கள் மிக மோசமாக நடந்துகொள்வது மனைவி கிளம்பும் வேளையில்தான். ஐசி (அடையாள அட்டை), பிள்ளையின் பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம், நகை, இரண்டு செட் துணி, பிள்ளையின் மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, நம்பிக்கையான பக்கத்து வீட்டிலோ உங்களிடமோ வைக்கட்டும். மிரட்டல் குரல் பதிவுகளை உங்கள் போனுக்கு அனுப்பிவிட்டு அவள் போனில் அழித்துவிடட்டும். கூப்பிட்டுப் பேச முடியாத நேரத்துக்கு, உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். "அம்மா, இட்லி மாவு இருக்கிறதா?" என்று அவள் செய்தி அனுப்பினால், நீங்கள் எதுவும் கேட்காமல் 999ஐ அழைக்க வேண்டும்.

ஒருமுறை வந்துவிட்டு அவள் திரும்பவும் அவரிடம் போகலாம். பலர் அப்படிப் போயிருக்கிறார்கள். அப்போது அவளைத் திட்டாதீர்கள் அம்மா. அந்தப் பையை மட்டும் உங்கள் வீட்டிலேயே வைத்திருங்கள்.