தினமும் ஒரு கிலோ காய்கறி சாப்பிட்டால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

கேட்டவருக்கு அநேகமாகச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. "சோத்தைக் குறைங்க, காயைக் கூட்டுங்க" என்று டாக்டர் சொல்லியிருப்பார். எவ்வளவு கூட்டுவது என்று அவரும் சொல்லியிருக்க மாட்டார், நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். நானும் கேட்கவில்லை. பட்டதால் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. காய்கறிக்கு எதிரியும் இல்லை. "எங்க தாத்தா காயைத் தின்னே தொண்ணூறு வயசு இருந்தாரு" என்று கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

மூன்று வருடம் முன்பு எனக்கு எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 6.2. ஊர் மதுரை. வீட்டுக்குப் பக்கத்திலேயே அண்ணா நகர் உழவர் சந்தை, 1999-ல் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்தது. உலக சுகாதார நிறுவனம் காயும் பழமும் சேர்த்து நாளைக்குக் குறைந்தது 400 கிராம் என்கிறது. 400 நல்லதென்றால் 1,000 இன்னும் நல்லதுதானே என்பது என் கணக்கு. வீட்டுக்காரி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "தாராளமா சாப்பிடுங்க. ஆனா நறுக்குறது நீங்கதான்."

ஒரு கிலோ காயைத் தினமும் நறுக்கிப் பாருங்கள், தெரியும். அவரைக்காய்க்கு நார் உரிக்கணும். வாழைப்பூவில் ஒவ்வொரு பூவாகக் கள்ளன் எடுக்கணும். கீரை ஆய்ந்து முடிப்பதற்குள் ஆபீஸ் நேரம் வந்துவிடும். பத்தே நாளில் கேரட்டிலும் பரங்கிக்காயிலும் வந்து நின்றேன். சீவினோமா, தாளித்தோமா, முடிந்தது. காலையில் கேரட் பொரியல், மதியம் பரங்கிக்காய்க் கூட்டு, ராத்திரி மறுபடி கேரட். எடை நாலு கிலோ இறங்கியதில் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. விபூதிக்குக் கையை நீட்டினேன். அம்மா விபூதி போடாமல் கையையே பார்த்தார். "ஏய்யா, மஞ்சக்கிழங்கு அரைச்ச கை மாதிரியில்ல இருக்கு!" வாசல் வெயிலில் போய்ப் பார்த்தால் உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கோரம் எல்லாம் மஞ்சள். சாயங்காலத்துக்குள் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்துவிட்டார். மூன்று நாள் குடித்தேன், உப்பில்லாப் பத்தியம் வேறு.

அப்புறம் ரத்தம் கொடுத்தால், காமாலை வந்தால் ஏறுகிற பிலிரூபின் 0.6, நார்மல்தான். டாக்டரம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வெள்ளை விழி வெள்ளையாகத்தான் இருந்தது. "காமாலைன்னா கண்ணுலயும் மஞ்சள் தெரியும். நீங்க என்ன சாப்பிடுறீங்க?" சொன்னேன். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு! கேரட், பரங்கியில் இருக்கிற பீட்டா கரோட்டின் அளவுக்கு மிஞ்சினால் தோலில் படியுமாம். ஆபத்தில்லை, குறைத்தால் தானாகப் போய்விடும் என்றார். எனக்குப் போக இரண்டு மாதம் ஆனது.

அந்த இரண்டு மாதத்துக்குள் மச்சினன் வீட்டுக் கல்யாணம். கையைப் பிடித்துப் பார்க்காத ஆளில்லை. பந்தி முடிவதற்குள் எனக்கு லிவர் போய்விட்டது, காரணம் குடி என்று முடிவே கட்டிவிட்டார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை, கெட்ட பேர் வாங்கித் தந்தது கேரட்!

ஆக, ஒரு கிலோ சாப்பிடலாமா என்றால், உடம்பு நன்றாக இருந்தால் சாப்பிடலாம், ஒரே காயைச் சாப்பிடாதீர்கள். கிட்னி கோளாறு இருந்தால் பொட்டாசியம் கூடிவிடும், டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர்கள் திடீரென்று கீரையை ஏற்றினால் அதிலுள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேகத்தைக் குறைத்துவிடும். கிட்னியில் கல் வந்த உடம்புக்குத் தினமும் பாலக் ஆகாது, ஆக்சலேட் அதிகம். சுரைக்காய்ச் சாறு கசந்தால் யோசிக்காமல் துப்பிவிடுங்கள், அந்தக் கசப்பு விஷம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. இவ்வளவு காய்க்கும் தோல், காம்பு, நார் என்று தினமும் அரை வாளி சேரும். மொட்டை மாடியில் ஒரு மூலையில் மக்கவைத்து உரமாக்கிக்கொள்கிறேன் என்று குடியிருப்புச் சங்கத்தில் கேட்டேன். நாற்றம் வரும் என்று மறுத்துவிட்டார்கள். அதே மாடியில் சங்கத்துக்காரர் வீட்டுக் கருவாடு காய்கிறது. அது மணக்கிறதாம்.

இப்போது 700 கிராம்தான், தினம் நாலு வகை. எச்பிஏ1சி 5.8. இன்றைக்கு வாழைத்தண்டு. வட்டமாக நறுக்கி, வருகிற நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருக்கிறேன். வாளி நிறைந்துவிட்டது.