பிரிப்பதா, விடுவதா? குவில்ட் தையலில் பிழைகள்: கேள்வி-பதில்

துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வைதான் குவில்ட். அதைப் பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன. தைத்தது தவறு என்று தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது?

எல்லாத் தவறையும் பிரித்தே ஆக வேண்டுமா? எதை விடலாம், எதை விடக் கூடாது என்று எப்படி முடிவு செய்வது?

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தத் தவறு அடுத்த தையலையும் கெடுக்குமா? கெடுக்கும் என்றால் உடனே பிரியுங்கள். கெடுக்காது என்றால், உங்கள் கண்ணை உறுத்துகிறதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி.

ஓர் உதாரணம். ஒரு வரிசையில் ஒன்பது சதுரங்கள் என்றால் எட்டு தையல்கள். தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் பிடித்தால், ஒவ்வொரு தையலும் இரண்டு பக்கத் துணியிலும் சேர்த்து 2 மில்லிமீட்டரை விழுங்கும். எட்டு தையலில் 16 மில்லிமீட்டர், அரை அங்குலத்துக்கும் மேல். அந்த வரிசையைச் சரியாகத் தைத்த அடுத்த வரிசையோடு இணைக்கும்போது பலரும் செய்வது, குட்டையானதை இழுத்துப் பிடித்து ஒப்பேற்றுவது. அப்படித் தைத்த இடம் கடைசிவரை தட்டையாகக் கிடக்காது. இது பிரிக்க வேண்டிய தவறு.

முக்கோணத்தின் முனை ஒரு நூலளவு வெட்டுப்பட்டிருக்கிறது, ஆனால் பிளாக்கின் (துண்டுகளை இணைத்துத் தைத்த ஒரு கட்டத்தின்) அளவு சரியாக இருக்கிறது என்றால், அது வேறு எதையும் கெடுக்கப்போவதில்லை. நானாக இருந்தால் விட்டுவிடுவேன். வெளிர் நிறத் துணிக்குப் பக்கத்தில் அடர் நிற முக்கோணம் வந்து, போர்வையின் நடுவிலும் இருந்தால் மட்டும் யோசிப்பேன்.

உங்கள் மெஷினில் ஓரம் சரியாக விழுகிறதா என்று முதலிலேயே சோதித்துவிடுங்கள். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி இணையுங்கள். மொத்த அகலம் மூன்றரை அங்குலமும், நடுப்பட்டை சரியாக ஓர் அங்குலமும் வர வேண்டும். வரவில்லை என்றால் நூறு தையல்களைப் பிரிப்பதைவிட, மெஷின் தட்டில் ஒட்டியிருக்கும் வழிகாட்டிப் பட்டையை நகர்த்துவது எளிது.

பிளாக் திசை மாறித் தைக்கப்படும் பிழைக்கு ஒரு சுலபமான தடுப்பு உண்டு. இணைப்பதற்கு முன் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, செல்பேசியில் படம் எடுத்துப் பாருங்கள். நேரில் கண்ணுக்குத் தப்பியது சிறிய படத்தில் பளிச்சென்று தெரியும்.

தையலைப் பிரிக்கும்போது துணி கிழிந்துவிடுகிறது. சரியான முறை எது?

இணைத்த இரண்டு துணிகளையும் இரு கைகளால் விரித்து இழுத்து, நடுவில் தெரியும் நூலை அறுப்பீர்கள் என்று நினைக்கிறேன். வேகமான வழிதான். ஆனால் துணி கிழிவதும் நீள்வதும் அதனால்தான்.

துணியை மேசைமேல் தட்டையாக வையுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும், நான்கைந்து தையலுக்கு ஒன்றாக நூலை அறுத்துக்கொண்டே போங்கள். பிறகு துணியைத் திருப்பி, மறுபக்கத்து நூலின் முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் நீளமாக உருவி வந்துவிடும். எங்காவது இறுகினால் பலம் காட்டாதீர்கள். அந்த இடத்தில் இன்னொரு தையலை அறுங்கள்.

தையல் பிரிக்கும் கருவியான சீம் ரிப்பரின் நீண்ட கூர்முனை தையலுக்கு அடியில் நுழைவதற்கு. இரண்டு முனைகளுக்கும் நடுவிலுள்ள வளைவில்தான் வெட்டும் விளிம்பு இருக்கிறது; நூலை அதுவரை வரவிட்டால் தானாக அறுபடும். குட்டை முனையில் இருக்கும் சிறு மணி, துணியைக் குத்தாமல் சறுக்கிப் போவதற்கு. மணியைக் கீழே வைத்து ஒரே ஓட்டமாகத் தள்ளிப் பிரிப்பவர்களும் உண்டு. அழுத்தமான பருத்தியில், நேர் இழையில் அது பலிக்கும். இழைகளுக்குச் சாய்வாக வெட்டிய துணியில் முயல வேண்டாம்.

இன்னொன்று, இந்தக் கருவியும் மழுங்கும். அறுக்காமல் நூலை இழுக்கிறது என்று தோன்றினால் புதிது வாங்குங்கள். பெட்டியோடு வந்த ஒன்றையே வருடக்கணக்கில் வைத்துக்கொண்டு துணியைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

தையலின் நீளத்தையும் பாருங்கள். துண்டுகளை இணைக்க 2 முதல் 2.5 மில்லிமீட்டர் போதும். 1.5-இல் வைத்துத் தைத்துவிட்டுப் பிரிக்க உட்கார்ந்தால், கண்ணும் பொறுமையும் ஒன்றாகப் போய்விடும்.

பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. மறையுமா?

பெரும்பாலும் மறையும். ஊசி இழைகளை விலக்கியிருக்கிறதே தவிர அறுக்கவில்லை. லேசாகத் தண்ணீர் தெளித்து, நகத்தால் நீளவாக்கிலும் குறுக்கிலும் மெல்லத் தேய்த்து, நீராவியோடு இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுங்கள். மிச்சம் இருப்பது முதல் சலவையில் போகும். நெருக்கமாக நெய்த பாத்திக் துணிகளில் மட்டும் துளைகள் பிடிவாதமாக நிற்கும். அவற்றில் தைப்பதற்கு முன்பே இருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இழையே அறுந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. பின்பக்கம் மெல்லிய ஒட்டுத்துணியை இஸ்திரி போட்டு ஒட்டுங்கள்.

பிரித்த முக்கோணங்கள் நீண்டுவிட்டன. மறுபடி இணைத்தால் பொருந்தவில்லை.

முக்கோணத்தின் சாய்ந்த விளிம்பு பாவுக்கும் (நீள இழை) ஊடைக்கும் (குறுக்கு இழை) சாய்வாகப் போகிறது. அந்தத் திசையில் துணியைப் பிடித்து நிறுத்த இழை எதுவும் இல்லாததால், சிறிது இழுத்தாலும் நீளும். இஸ்திரி போடும்போது பெட்டியைத் தள்ளித் தேய்த்தாலும் இதே கதிதான். வைத்து அழுத்துங்கள், தூக்குங்கள், அடுத்த இடத்தில் வையுங்கள்.

நீண்டதைக் கஞ்சித் தெளிப்பால் நனைத்து, விரலால் பழைய வடிவத்துக்குத் தள்ளி, மேலிருந்து அழுத்திக் காயவிடுங்கள். பிறகு வெட்டு அளவோடு வைத்துப் பாருங்கள். அப்போதும் பொருந்தாவிட்டால் புதிதாக வெட்டுங்கள். ஒரு துண்டுத் துணியைக் காப்பாற்றப் போய் முழு பிளாக்கைக் கோணலாக்க வேண்டாம். அடுத்த முறை, வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கஞ்சி போட்டுவிடுங்கள்.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்து முடித்தபின் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத் துணியில் மடிப்புகள்! எல்லாவற்றையும் பிரிக்கவா?

வேண்டாம். மடிப்பு இருக்கும் இடத்தையும், அதைச் சுற்றி இரண்டு மூன்று அங்குலத்தையும் மட்டும் பிரியுங்கள். பின்பக்கத்திலிருந்தே அறுங்கள். கை தவறினாலும் காயம் பின்னால்தான் இருக்கும், முன்பக்கத்து நூலும் முழுதாக உருவி வரும். நூல் வராத இடத்தில் வெடுக்கென்று இழுக்காதீர்கள், நடுவிலுள்ள பஞ்சு இழையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். தளர்ந்த துணியை நான்கு பக்கமும் நீவிப் பரப்பி, ஊக்கு குத்தி, மறுபடி தையுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் நூல் முனைகளை முடிச்சிட்டு, கை ஊசியால் பஞ்சுக்குள் இழுத்து மறைத்துவிடுங்கள். அதே இடத்தில் முன்னும் பின்னும் தைத்து முடித்தால் ஒரு கட்டி போலத் தெரியும்.

மடிப்பு வந்த காரணம் அநேகமாக ஊக்குகளின் இடைவெளிதான். உள்ளங்கையை வைத்தால் எங்கே வைத்தாலும் ஓர் ஊக்கு தட்டுப்பட வேண்டும். ஏறக்குறைய 10 சென்டிமீட்டருக்கு ஒன்று. பின்பக்கத் துணியை முதலில் விறைப்பாக, ஆனால் இழுபடாமல் தரையில் ஒட்டிவிட்டு, அதன்மேல் பஞ்சையும் மேல்துணியையும் பரப்புங்கள்.

மடிப்புக்குப் பதில் பின்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் அது வேறு நோய். கீழ்நூல் சுற்றியிருக்கும் பாபினைக் குற்றம் சொல்லத் தோன்றும். ஆனால் மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்குள் சரியாக உட்காராதபோதுதான் இப்படி ஆகும். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிய நிலையில் மேல்நூலை முழுதாக எடுத்துவிட்டு மறுபடி கோத்துப் பாருங்கள். பாதம் தூக்கியிருக்கும்போதுதான் அந்தத் தட்டுகள் விரிந்து நூலை உள்ளே விடும். அந்த வளையங்களைத் தயங்காமல் பிரியுங்கள். எதிலாவது மாட்டி இழுபட்டால் வரிசை முழுதும் கழன்றுவிடும்.

பார்டர் (போர்வையின் ஓரப் பட்டை) அலை அலையாக நிற்கிறது. 'மூன்று அடுக்கையும் சேர்த்து மேல் தையல் போட்டால் அடங்கிவிடும்' என்கிறார்கள்.

மிகச் சிறிய தளர்ச்சி அடங்கும், அலை அடங்காது. நீளமான பட்டையை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், மிச்சத்தைக் கடைசியில் வெட்டியிருப்பீர்கள். பார்டரைப் பிரித்துவிடுங்கள். போர்வையின் நீளத்தை விளிம்பில் அளக்காமல், நடுப்பகுதியில் மூன்று இடங்களில் அளந்து, சராசரிக்குப் பட்டையை வெட்டுங்கள். நடுவையும் கால் பகுதிகளையும் முதலில் ஊக்கு குத்திப் பொருத்திவிட்டுத் தையுங்கள்.

ஆமிஷ் (அமெரிக்காவில் எளிமையாக வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவு) பெண்கள் கடவுள் ஒருவரே குறையற்றவர் என்பதற்காக, வேண்டுமென்றே ஒரு பிழையை விட்டுத் தைப்பார்களாமே? நாமும் அப்படி விடலாமா?

அழகான கதை. குவில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அதற்கு உறுதியான சான்று எதையும் காணவில்லை. யோசித்துப் பார்த்தால், தன் வேலை குறையற்றது என்று நம்புகிறவர்தான் வேண்டுமென்று குறை வைக்க முடியும். அதில் பணிவு எங்கே இருக்கிறது? உங்கள் போர்வையில் பிழை எதுவும் இல்லை என்று நீங்கள் நினைத்தால், பகல் வெளிச்சத்தில் ஒருமுறை விரித்துப் பாருங்கள்.

பிரித்தபின் ஒட்டிக்கொண்டிருக்கும் நூல் துணுக்குகளை எப்படி எடுப்பது?

ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டாம். மாஸ்கிங் டேப்பை விரலில் ஒட்டும் பக்கம் வெளியே வருமாறு சுற்றி ஒற்றி எடுங்கள். தையலுக்குள் சிக்கியதைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் ஒரே திசையில் தேய்த்தால் சுருண்டு வெளியே வரும். அதற்கும் அசையாததற்குக் குறடு.

ஒரே இடத்தை மூன்று முறை பிரித்துவிட்டேன். ஓரம் நூல் நூலாகப் பிரிந்து கிடக்கிறது. மறுபடி தைக்கலாமா?

ஓரத்தில் 3 மில்லிமீட்டராவது உறுதியான துணி மிஞ்சியிருந்தால் தைக்கலாம். பின்பக்கம் மெல்லிய ஒட்டுத்துணியை ஒரு பட்டையாக ஒட்டிவிட்டு, தையல் நீளத்தை 2 மில்லிமீட்டராகக் குறைத்துத் தையுங்கள். கோடு போடும்போது மட்டும் கவனம்: தேய்ந்த ஓரத்திலிருந்து அளக்காதீர்கள், பழைய ஊசித் துளைகளின் வரிசையைப் பார்த்துக் கோடு போடுங்கள். அவ்வளவுகூட மிஞ்சவில்லை என்றால் அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள்.